செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

பால்கனியில் இருக்கும் செம்பருத்திக்கு உடம்பு சரியில்லை. காலையில் துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். இலைகள் அத்தனையும் மடக்கின குடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. முந்தாநாள் வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது? இருந்ததா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதெல்லாம் நான் எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வார்டுக்கு யார் வந்தாலும் சார்ட் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கை இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி. இது செடிக்கான சார்ட், எனக்கானது அல்ல. எனக்கு ஒன்றுமில்லை.

நோயாளி: மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி, ஒட்டுச்செடி. இருப்பிடம்: உறையூர், மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. வாங்கி வந்தவன்: என் மகன் தில்லைநாயகம். போன சித்திரையில் ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, வேகத்தடையில் எல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தானாம். "அம்மா, நீ மட்டும் இதைத் தொடாதே. தொட்டா ஊசி போட்டுடுவே" என்றான். மருமகள் அபிநயா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குழந்தை இல்லை. ஆகஸ்டுக்கு அப்புறம் இந்த வீட்டில் அவன் கையால் வைத்து இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது இந்தச் செடி ஒன்றுதான். இதைக் காப்பாற்றியே ஆகவேண்டும். தலைகீழாக நின்றாவது காப்பாற்றுவேன்.

காரணம்: வெயில், தாகம். வைத்தியம்: ஒரு குவளை தண்ணீர்.

பிப்ரவரி 10, திங்கள்

தேறவில்லை. இன்னொரு குவளை ஊற்றினேன்.

பிப்ரவரி 12, புதன்

கீழ் வீட்டு ரெஜினா வந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை, அதன் தோளில் பழுப்பாக ஒரு கறை.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பால்கனியிலருந்து தண்ணி ஒழுகுது. பையனோட யூனிஃபார்ம்க்கா, கறை போகவே மாட்டேங்குது."

"நான் சாயங்காலம் ஊத்தறது ஒரே ஒரு டம்ளர். வெயில்ல வாடுதேன்னு ரெண்டு நாளா ஒரு குவளை. அதுக்கு உங்க கொடித் துணி அத்தனையும் நனையுதா? என்ன, காவிரியையா திறந்து விட்டிருக்கேன்?"

"சரிக்கா, பரவால்லக்கா, நான் கொடியை மாத்திக் கட்டிக்கறேன்" என்று போய்விட்டாள். பழைய ரெஜினாவாக இருந்தால் படிக்கட்டே அதிர்ந்திருக்கும். ஆகஸ்டிலிருந்து எல்லாரும் எங்களிடம் பஞ்சில் பொதிந்து பேசுகிறார்கள். சண்டை போடக்கூட நாதியில்லை.

அந்த டம்ளர் விஷயத்தை எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கம், வருஷம் திரும்புகிற வரை படத்துக்கு முன்னால் தினமும் தண்ணீர் வைப்போம். காலையில் வைத்ததைச் சாயங்காலம் எடுத்து, கால் படாத மண்ணாகப் பார்த்து ஊற்ற வேண்டும். சாக்கடைக்குப் போகக் கூடாது. கொல்லையும் கிணற்றடியுமாக இருந்தவர்களுக்கு அது சரி. மூன்றாவது மாடியில் கால் படாத மண்ணுக்கு எங்கே போவேன்? இந்தத் தொட்டியில்தான் ஊற்றுகிறேன். அவன் செடிக்கே அவன் தண்ணீர் போகட்டுமே என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ரெஜினாவுக்காகத் தொட்டிக்கு அடியில் ஆழமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைத்தேன். இனி ஒரு சொட்டு கீழே போகாது.

பிப்ரவரி 15, சனி

தொட்டியைச் சுற்றி எறும்பு. சாரை சாரையாகச் சுவர் ஏறி வந்து மண்ணுக்குள் போகிறது. எறும்புப் பவுடர் போட்டேன். மண்ணிலிருந்து புளித்த பால் வாடை மாதிரி ஒன்று வருகிறது. மாவுப்பூச்சி வந்தால் எறும்பு வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூச்சி ஒன்றையும் காணோம். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாயிற்று.

பால் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று பேர்தான் இருக்கிறோம், வாங்குகிற பால் பற்ற மாட்டேன் என்கிறது. மத்தியானக் காபிக்கு மறுபடி ஒரு பாக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பூனை எதுவும் வருதோ என்னவோ" என்றார். ஃப்ரிஜ்ஜைத் திறந்து பால் குடிக்கிற பூனை! மின்வாரியத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

இவர் இப்போது பேசுவதே இவ்வளவுதான். ஆகஸ்டிலிருந்து இவர் வாயில் தில்லையின் பெயர் வரவில்லை. படம் மாட்டுகிற அன்றுகூட ஆணியடித்துக் கொடுத்துவிட்டு வாக்கிங் போய்விட்டார். படத்துக்கு முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. கல்மனசு என்று என் வாயால் சொல்ல மாட்டேன். நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. தொட்டாலே உதிர்கின்றன. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். மண்புழு உரம் இரண்டு கை போட்டேன். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கோத்துப் பக்கத்துக் கம்பியில் கட்டியிருக்கிறேன். அபிநயா பார்த்துவிட்டு, "அத்தை, நீங்களா?" என்றாள்.

"ஏன், நான் கட்டினா எலுமிச்சம்பழம் வேலை செய்யாதா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பாங்கிலிருந்து வந்த களைப்பு. தட்டில் போட்ட இரண்டு தோசையில் ஒன்றைத்தான் சாப்பிட்டாள். அவளும் இந்தச் செடியும் ஒரே மாதிரி இளைக்கிறார்கள். வற்புறுத்தினால் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதனால் வற்புறுத்துவதில்லை.

தண்ணீர் காலையிலும் மாலையிலும் ஊற்றுகிறேன். இவ்வளவு ஊற்றியும் இப்படி வாடுகிறதென்றால் வெயில் எவ்வளவு உறிஞ்சுகிறது பாருங்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று அவன் மாசத் திதி. ஐயர் வந்து போனார். செடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 26, புதன்

இரண்டு மொட்டு இருந்தது. இரண்டும் விரியாமலே காம்போடு விழுந்துவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மஞ்சள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பாவம்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. வைத்தியம் எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். பிறகு ஏன் கேட்க மாட்டேன் என்கிறது? வார்டில் சின்ன டாக்டர்கள் இப்படித்தான் கையைப் பிசைவார்கள். "நோயாளியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க சார், முதுகுல புண் இருக்கும்" என்று நான்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை இதையும் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

பழைய பேப்பரை விரித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். அபிநயா தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது, பழுப்பு நிறத்தில். தொட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டியதும் மண் கட்டியாக வெளியே வந்தது. சேறு.

அந்த நாற்றம்! அழுகின புண்ணின் நாற்றம். எனக்குத் தெரியாத நாற்றமா அது. வேரெல்லாம் கறுத்துப்போய், விரலால் இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நரம்பு மாதிரி ஒரு நூல்தான் மிச்சம்.

தாகமே இல்லை. அத்தனையும் தண்ணீர். வேர் அழுகினால் குடிக்க முடியாது, குடிக்க முடியாவிட்டால் இலை தொங்கும். தாகத்தில் தொங்குகிற மாதிரியே தொங்கும். நானும் தாகம் தாகம் என்று இன்னும் ஊற்றியிருக்கிறேன். நீர் கோத்து வீங்கின உடம்புக்கு மேலும் மேலும் டிரிப்ஸ் ஏற்றுகிற வேலை. ஒரு ட்ரெயினி நர்ஸ் இதைச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஆனால் சேறாகிற அளவுக்கு நான் ஊற்றவில்லையே. என் கணக்கு இடித்தது.

"அபி, நீ இதுக்குத் தண்ணி ஊத்தறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தொட்டியை விடவில்லை. "நான்தான் அத்தை."

"எவ்ளோ?"

"அவர் காலைல எந்திரிச்சதும் ஒரு பாட்டில் தண்ணி முழுசாக் குடிப்பார்ல அத்தை... ரூம்ல அவர் போட்டோ முன்னால அந்த பாட்டிலை ரொப்பி வைப்பேன். ஆபீசுக்குக் கிளம்பறப்போ கீழ கொட்ட மனசு வராது. நீங்க கால்ல படாத இடத்துல ஊத்தணும்னு சொன்னீங்கள்ல. அதான் இதுல ஊத்திட்டுப் போவேன்."

"முழு பாட்டிலுமா?"

"அவர் மிச்சம் வைக்க மாட்டாரே அத்தை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் கத்துவேன். அது என் சுபாவம். "சரி, அது தண்ணி. இந்தப் பால் நாத்தம் எங்கேருந்து வந்துச்சு? எறும்பு எங்கேருந்து வந்துச்சு? யார் இந்தத் தொட்டில கண்டதையும் கொட்டினது? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!"

இவர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கையில் பேப்பர் மடித்தபடியே இருந்தது.

"நான்தான், மங்கை."

"என்ன நான்தான்?"

"காபி."

பால்கனிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். "நீ குளிச்சிட்டு சாமி கும்பிட்டு வர நேரமாகும்ல. அதுக்குள்ள ரெண்டு டம்ளர் கலந்து எடுத்துட்டு வருவேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அவனுக்கு. எப்பவும் இங்கதானே உக்காந்து குடிப்போம். நான் குடிச்சு முடிச்சுடுவேன். அவனோடது ஆறிப் போயிடும். ஆறின காபியை என்ன பண்றது? சிங்க்ல ஊத்த..." என்று சொல்லி நிறுத்தினார். "அவன் காபியை எப்படி சிங்க்ல ஊத்தறது மங்கை?"

அழுதார். முப்பத்தைந்து வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன். இவர் அழுது நான் பார்த்ததில்லை. இவர் அப்பா போனபோதுகூட அழவில்லை. தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதார். அபிநயா தொட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "மாமா, மாமா" என்று சேற்றுக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்மனசு என்று நினைத்தேனே. நாக்கு அழுகிப் போக எனக்கு.

மூன்று பேரும் அவனுக்குத் தாகமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஆளுக்கு ஒரு நேரம் பார்த்து ஊற்றியிருக்கிறோம். ஒருத்தராவது வாயைத் திறந்து அவனைப் பற்றிப் பேசியிருந்தால் செடி இந்தக் கதிக்கு வந்திருக்காது.

யாராவது ஒருத்தர் வேலையைப் பார்க்க வேண்டுமே. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வேரைக் குழாயில் அலசி, கறுத்ததை எல்லாம் வெட்டித் தள்ளினேன். கடைசியில் வெள்ளையாக மிஞ்சியது ஒரு பிடி. வெட்டின இடத்தில் மஞ்சள் பொடி வைத்தேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்ச் செம்மண்ணும் மணலும் அள்ளி வந்தார். அபிநயா தேங்காய் நாரை உதிர்த்துக் கலந்தாள். அடியில் பெரிய ஓட்டையுள்ள மண்தொட்டி ஒன்று பரணில் இருந்தது, அதற்கு மாற்றினோம். இருக்கிற வேருக்குத் தகுந்த மாதிரி மேலே கிளையையும் பாதிக்கு வெட்டினேன். வெட்டும்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது. வயசாகிறது இல்லையா.

மார்ச் 3, திங்கள்

நிழலில் வைத்தாயிற்று. தட்டை எடுத்து எறிந்தாயிற்று. அபிநயா போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், மண் மேலாகக் காய்கிற வரை ஒரு சொட்டு ஊற்றக் கூடாதாம். ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடுமாம்.

காலையில் பழக்கப்படி படத்துக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டேன். சாயங்காலம் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. எங்கே ஊற்றுவது?

டம்ளரோடு ஹாலிலேயே நின்றேன். கீழே வேப்பமரத்தடியில் ஊற்றலாம் என்று அபிநயாவிடம் சொன்னேன். "அது எல்லாரும் நடக்கற இடம் அத்தை. அதோட அது அவர் செடி இல்லையே" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியது. நாளையிலிருந்து வைக்காமலே இருந்துவிடலாமா என்று கேட்க நினைத்தேன். அவன் செடி பிழைக்க வேண்டுமென்றால் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்த வேண்டும். பெற்றவள் எப்படி இதைச் செய்வாள், யாராவது சொல்லுங்களேன்.

இவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார்.

"புள்ளை குடிச்ச மிச்சம்தானே. குடு, நான் குடிக்கறேன்."

மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். அப்படிச் செய்யலாமா கூடாதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இலை முழுக்கக் கொட்டிவிட்டது. நாலு குச்சி நிற்கிறது. ரெஜினா எட்டிப் பார்த்துவிட்டு, "வேற செடி வாங்கித் தரட்டுமாக்கா? எங்க அண்ணன் நர்சரி வச்சிருக்கார்" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். "வேற புள்ளை வாங்கித் தருவியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் செத்துவிட்டது. அப்புறம் நானே கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அடுப்பில் குழம்பு இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

குச்சியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நுனியில் பழுப்பு. கொஞ்சம் இறங்கிச் சுரண்டினேன், அங்கேயும் பழுப்பு. கணு பக்கம் வந்தபோது பச்சை. பச்சை! "என்னங்க, அபி, ஓடி வாங்க!" என்று கத்தினேன். இரண்டு பேரும் கைக்காரியத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மூன்று தலையும் முட்டிக்கொள்ள அந்த நகக்கீறலைப் பார்த்தோம்.

இவர் இப்போது சாப்பிடும்போது பேசுகிறார். இன்று, தில்லை மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூட மணியைக் கழற்றி ஒளித்து வைத்ததைச் சொன்னார். அபிநயாவுக்கு அந்தக் கதை தெரியாதாம். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 28, வெள்ளி

கணுவில் ஒரு துளிர். கடுகளவு. தொட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. ரெஜினா பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள், நான் திருப்பி அனுப்பவில்லை. துளிரெல்லாம் விரிந்து, பளபளவென்று இலையாகிவிட்டன.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் பார்த்தால், ஐயோ, மறுபடியும் தொங்குகிறது. புது இலை அத்தனையும். மறுபடி அழுகல்தான், போயிற்று, எல்லாம் போயிற்று என்று கத்தரிக்கோலையும் பேப்பரையும் எடுத்து வந்துவிட்டேன். தொட்டியைக் கவிழ்க்கப் போனபோது அபிநயா கையைப் பிடித்தாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க. மண்ணைத் தொட்டுப் பாருங்க முதல்ல."

விரலை விட்டேன். விரல் முழுசும் உள்ளே போயிற்று. எங்கேயும் ஈரம் இல்லை. மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி வெடித்திருந்தது.

"யார் கடைசியா ஊத்தினது?"

இவர் அபிநயாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். யாரும் ஊற்றவில்லை. ஊற்றினால் கொன்றுவிடுவோமோ என்று மூன்று பேருக்கும் பயம். இந்தத் திருச்சி வெயிலில் ஒரு வாரமாக அதைக் காயப் போட்டிருக்கிறோம். மாசியில் பார்த்த அதே தொங்கல்தான் இன்றைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நர்ஸாக இருந்த என்னால்கூட வித்தியாசம் சொல்ல முடியாது. மண்ணைத் தொடாமல் யாருக்கும் தெரியாது.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஊற்றப் போனால் கை வரவில்லை. ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை. இவர் என் கைக்கு அடியில் கை வைத்துச் செம்பைத் தாங்கினார். அபிநயாவையும் கூப்பிட்டார். மெதுவாக, சுற்றிச் சுற்றி ஊற்றினோம். வெடித்த மண் சர்ரென்று உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"குடிடா" என்றார் இவர்.

சாயங்காலம் இலையெல்லாம் நிமிர்ந்துவிட்டன.

மே 11, ஞாயிறு

இனி விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். யார் பார்த்தாலும் மற்ற இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும். அபிநயா அந்தப் பாட்டிலை இப்போது ஹாலில் படத்துக்கு முன்னாலேயே வைக்கிறாள். அந்தத் தண்ணீரைத்தான் பகல் முழுக்க நாங்கள் குடிக்கிறோம்.

மே 25, ஞாயிறு

மொட்டு. நிஜமாகவே மொட்டு. இவர் வாக்கிங் போகாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தால் கூச்சப்பட்டுப் பூக்காது, போய்க் காய் வாங்கி வாருங்கள் என்று துரத்திவிட்டேன். எனக்கு மனசு லேசாக இருக்கிறது. காரணமே இல்லாமல் வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்து, அவன் பேட்மிண்டன் ஷூவைக்கூடக் கழுவி வெயிலில் வைத்தேன். அதை ஏன் கழுவினேன் என்று அபிநயா கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பூத்துவிட்டது.

காலையில் இவர் வந்து தோளைத் தொட்டு எழுப்பினார். "வா" என்றார். உள்ளங்கை அகலம், அடுக்கடுக்காக மஞ்சள், நடுவில் லேசாகச் சிவப்பு. மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். யாருக்கும் பறிக்கத் தோன்றவில்லை. இவர் விரலால் ஓர் இதழை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

அபிநயா குனிந்து போனில் படம் எடுத்தாள். நன்றாக வந்ததா என்று பார்க்க நான் எட்டிப் பார்த்தேன். படத்தை அனுப்பப் போயிருந்தாள். அவள் கை தானாகவே அவன் பெயரைத் திறந்திருந்தது. மேலே அவன் முகம் வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"யாருக்கு அத்தை அனுப்பறது?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள், நிஜமாகவே தெரியாதவள் மாதிரி.

"அவன் செத்துட்டான் அபி" என்றேன்.

வார்டில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். எத்தனை அம்மாக்களிடம். "மனசைத் தேத்திக்கோங்கம்மா" என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறேன். என் பிள்ளைக்கு இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் சொல்கிறேன். இந்த டைரியில்கூட எங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். தில்லை செத்துவிட்டான்.

அவள் என் தோளில் விழுந்து அழுதாள். இவர் திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "எனக்கு அனுப்பும்மா, எனக்கு அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அனுப்பினாள். அடுக்களையில் என் போன் டிங் என்றது.

இந்தச் செடியைப் பிழைக்க வைத்துவிட்டால் யாரோ என்னிடம் எதையோ திருப்பிக் கொடுப்பார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. ஷூவைக் கழுவி வைத்தேனே, அதனால்தான். பைத்தியக்காரி. யார் கொடுப்பார்கள்?

சாயங்காலம் பூ சுருங்கித் தலை தொங்கிவிட்டது. செம்பருத்தி ஒரு நாள் பூ. எனக்குத் தெரியாதா. இருந்தாலும் ஓடிப்போய் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரம் சரியாக இருந்தது. இலைகளைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. வேர் நன்றாக இருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.